அமெரிக்க அரசு எப்படி இயங்குகிறது? நூலக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காருவோம். பிள்ளைகளோடு இருக்க வந்து, கிரீன் கார்டு வாங்கி, இப்போது அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பெரியவர்கள்தான் பெரும்பாலும். தேர்வுக்கான விடைகளை மனப்பாடம் செய்வதில் அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. விடையைச் சொன்ன அடுத்த நிமிடம் "அது ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் நானும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தம்பி, இந்த நாட்டில் கடைசி முடிவு யாருடையது? அதிபருடையதுதானே?

இல்லை. யாருடையதும் இல்லை.

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவியை மட்டும் போட்டால் அது திறக்காது, வங்கி வைத்திருக்கும் சாவியும் வேண்டும். அமெரிக்க மத்திய அரசும் அப்படித்தான், சாவிகள் மட்டும் இன்னும் கூடுதல். சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனப்படும் இந்நாட்டு நாடாளுமன்றத்தின் வேலை. அந்தக் காங்கிரஸுக்குள்ளேயே பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு சாவிகள். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அதிபரின் வேலை. மசோதாவில் கையெழுத்துப் போடுவதும் மறுப்பதும் அவர் சாவி. சட்டத்துக்கு என்ன பொருள், அது அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று சொல்வது நீதிமன்றங்கள். இது போக ஐம்பது மாநில அரசுகள் தங்களுக்கென்று தனிச் சாவிக் கொத்தே வைத்திருக்கின்றன.

செய்தியில் எப்போதும் அதிபர் முகமே வருவதால் எல்லாம் அவர் கையில் என்று தோன்றும். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பேன். மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

இவ்வளவு சிக்கலாக எதற்கு வைத்தார்கள்?

பயம்தான் காரணம். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பயங்கள்.

முதல் பயம் பழைய அனுபவம். இந்த நாட்டை உருவாக்கியவர்கள் பிரிட்டிஷ் மன்னரிடமிருந்தும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடமிருந்தும் பிரிந்து வந்தவர்கள். ஒரே இடத்தில் அதிகாரம் குவிந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதனால் சுதந்திரத்துக்குப் பின் எழுதிய முதல் ஏற்பாட்டில், 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையில், மத்திய அரசுக்குக் கிட்டத்தட்ட எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. அதிபர் கிடையாது, மத்திய நீதிமன்றம் கிடையாது. காங்கிரஸால் வரி போட முடியாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. உடன்படிக்கையை மாற்ற வேண்டுமானால் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு ஐந்து சதவீத வரி போடலாம் என்ற யோசனையை ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் தனி ஆளாக நின்று தடுத்தது.

இரண்டாவது பயம் அதன் விளைவாக வந்தது. 1786இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி விவசாயிகள் கடனிலும் வரியிலும் மூழ்கினார்கள். சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்கள் பலர் அதில் உண்டு. நிலம் ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது, டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படை அதிகாரியின் தலைமையில் திரண்டு போய் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் செய்தார்கள். மத்திய அரசிடம் அனுப்பப் படையும் இல்லை, பணமும் இல்லை. பாஸ்டன் வியாபாரிகள் பணம் போட்டுத் திரட்டிய மாநிலப் படைதான் கடைசியில் அடக்கியது. அரசு என்று ஒன்று இருந்தும் இல்லாத நிலை.

அடுத்த ஆண்டு, 1787 மே மாதம், மாநிலங்களின் பிரதிநிதிகள் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். வந்துபோனவர்கள் 55 பேர். கோடைக்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினார்கள். செப்டம்பர் 17 அன்று புதிய அரசமைப்புச் சட்டத்தில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். வரி வசூலிக்கவும் படை வைக்கவும் வலுவுள்ள அரசு வேண்டும், ஆனால் அந்த வலு யார் கையிலும் முழுதாகச் சேர்ந்துவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த வழிதான் சாவிகளைப் பிரித்துக் கொடுத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே அறையில்தான் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டு, அதன்படி தென் மாநிலங்களுக்குக் கூடுதல் பிரதிநிதிகள் கொடுப்பது என்றும் முடிவானது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது என்றும் எழுதினார்கள். சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் செய்த காரியம் இது. அதன் விலையை 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நாடு கொடுத்தது, அதற்குப் பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தது. இதை விட்டுவிட்டு அரசமைப்பைப் புகழ்ந்து மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

காங்கிரஸில் இரண்டு சபை எதற்கு?

பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன. சின்ன மாநிலங்கள் எல்லோருக்கும் சம இடம் கேட்டன. மாநாடே உடைந்துவிடும் போலிருந்தது. கனெக்டிகட்காரர்கள் சொன்ன சமரசப்படி இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

பிரதிநிதிகள் சபையில் 435 பேர். மக்கள்தொகைப்படி பங்கு, பதவிக்காலம் இரண்டே ஆண்டு. செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என 100 பேர், ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செனட்டில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வரும்.

2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர். இருவருக்கும் செனட்டில் அதே இரண்டு இடம். வயோமிங் வாக்காளர் ஒருவரின் செனட் வாக்குக்குக் கலிஃபோர்னியாக்காரரின் வாக்கைவிட அறுபது மடங்குக்கு மேல் எடை. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மாற்ற வழியில்லை. எந்த மாநிலத்தின் சம பங்கையும் அதன் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது என்று அரசமைப்பின் ஐந்தாம் பிரிவே சொல்கிறது.

ஒரு மசோதா சட்டமாவது எப்படி?

இரண்டு சபைகளும் ஒரே வாசகத்தை, எழுத்து மாறாமல், நிறைவேற்ற வேண்டும். பிறகு அதிபரிடம் போகும். அவர் கையெழுத்திட்டால் சட்டம். மறுத்தால், அதாவது வீட்டோ செய்தால், திரும்பி வரும். இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரித்தால் அவர் கையெழுத்து இல்லாமலேயே சட்டமாகும். ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவர் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலும் சட்டம்தான், அதற்குள் காங்கிரஸ் தன் கூட்டத்தொடரை முடித்துவிட்டிருந்தால் மட்டும் மசோதா செத்துவிடும்.

பெரும்பாலான மசோதாக்கள் இவ்வளவு தூரம் வருவதே இல்லை. குழுக்களின் அறைகளிலேயே அவற்றின் கதை முடிந்துவிடும்.

100 பேரில் 51 பேர் ஆதரித்தும் செனட்டில் மசோதா தோற்கிறதே, அது எப்படி?

இது நல்ல கேள்வி. இதற்கான பதில் அரசமைப்பில் தேடினால் கிடைக்காது.

செனட்டில் ஒருவர் பேச எழுந்தால் அவரை நிறுத்தச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. பேச்சு முடியாவிட்டால் வாக்கெடுப்பு இல்லை. அதனால் பிடிக்காத மசோதாவைப் பேசியே கொல்லலாம். இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். 1917இல்தான் பேச்சை முடிக்க ஒரு விதி வந்தது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று. 1975இல் அதை 60 பேர் என்று குறைத்தார்கள். இப்போதெல்லாம் யாரும் நின்றுகொண்டு பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. எதிர்க்கிறோம் என்று தெரிவித்தாலே போதும், 60 பேரைத் திரட்டுவது அடுத்தவர் பொறுப்பாகிவிடும்.

இதை எந்தெந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் மனசு கனக்கும். 1957இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்துத் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் மசோதாவைச் சில மாதங்களுக்குத் தென் மாநில செனட்டர்கள் இழுத்தடித்தார்கள். ஜூன் 10 அன்று 71க்கு 29 என்று பேச்சை முடித்து வைத்த பிறகே அது நிறைவேறியது. பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்த சட்டம் அது. இன்று நாம் எந்த உணவகத்திலும் போய் உட்கார முடிகிறதே, அதற்குப் பின்னால் அந்த 71 வாக்குகள் இருக்கின்றன.

சிறுபான்மைக் கட்சியையும் கலந்து பேச இது கட்டாயப்படுத்துகிறது என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. நடைமுறையில் விலக்குகளும் உண்டு. வரவு செலவு சம்பந்தப்பட்ட சில மசோதாக்களைச் சிறப்பு நடைமுறையில் 51 வாக்கில் நிறைவேற்றலாம். நீதிபதி நியமனங்களுக்கும் இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். மற்ற நீதிமன்றங்களுக்கு 2013இலும் உச்ச நீதிமன்றத்துக்கு 2017இலும் விதியை மாற்றிவிட்டார்கள்.

துணை அதிபருக்கு என்னதான் வேலை?

அதிபர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்துக்கு வருவது. மற்றபடி செனட்டின் தலைவர். வாக்குகள் சரிசமமாக நின்றால் மட்டும் ஒரு வாக்குப் போடலாம். கமலா ஹாரிஸ் நான்கு ஆண்டில் 33 முறை அப்படி வாக்களித்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜான் கால்ஹூன் வைத்திருந்த 31 வாக்குச் சாதனை அதில் முறிந்தது. அடிமை முறையை நல்லது என்றே வாதாடிய கால்ஹூனின் சாதனையை, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணுக்கும் ஜமைக்காவிலிருந்து வந்த ஒருவருக்கும் பிறந்தவர் கடந்தார் என்பதை எங்கள் மேசையில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதிபர் ஆணை போட்டால் அது சட்டம் மாதிரிதானே?

நிர்வாக ஆணை என்பது தன் கீழ் வேலை செய்யும் துறைகளுக்கு அதிபர் இடும் கட்டளை. இருக்கிற சட்டத்தையோ அரசமைப்பு தனக்குத் தந்த அதிகாரத்தையோ அடிப்படையாகக் கொண்டே அதைப் போட முடியும். புதுச் சட்டத்தைக் கற்பித்துக்கொள்ள முடியாது.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952இல், எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளையே அரசு எடுத்துக்கொள்ளும்படி ஆணையிட்டார். போர்க்காலம்தான், காரணமும் சொன்னார். உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று செல்லாது என்றது. காங்கிரஸ் அந்த அதிகாரத்தைத் தரவில்லை, அதனால் உங்களுக்கு இல்லை என்றார்கள். 2023இல் அதிபர் பைடனின் கல்விக்கடன் தள்ளுபடித் திட்டமும் இதே 6க்கு 3 கணக்கில் தோற்றது. கட்சி வேறு, காலம் வேறு, கேட்ட கேள்வி ஒன்றுதான்: காங்கிரஸ் இதற்கு அனுமதி கொடுத்ததா?

இன்னொரு பலவீனமும் உண்டு. ஆணையால் செய்ததை அடுத்து வருபவர் ஒரு கையெழுத்தில் அழித்துவிடலாம். பல ஆணைகள் பதவியேற்ற முதல் நாளே ரத்தாவது இதனால்தான்.

அமைச்சர்கள் ஏன் எம்.பி.க்களாக இல்லை? ஆட்சி கவிழவே கவிழாதா?

கவிழாது. இங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே கிடையாது. அதிபரும் காங்கிரஸைக் கலைக்க முடியாது. ஒரே நேரத்தில் காங்கிரஸ் உறுப்பினராகவும் அரசுப் பதவியிலும் இருக்கக் கூடாது என்பது அரசமைப்பின் விதி. செனட்டர் ஒருவரை அமைச்சராக்கினால் அவர் செனட்டை விட்டு விலக வேண்டும். அமைச்சராக அதிபர் தேர்ந்தெடுத்தவரைச் செனட் விசாரித்து ஒப்புதல் தர வேண்டும்.

அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸ் இன்னொரு கட்சி என்று இருப்பது இங்கே சர்வ சாதாரணம். இருவரும் முறைத்துக்கொண்டே அடுத்த தேர்தல் வரை ஓட்டியாக வேண்டும்.

பெருங்குற்றம் செய்த அதிபரை நீக்க வழி இருக்கிறது. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும். இதுவரை நான்கு முறை குற்றம் சாட்டியிருக்கிறார்கள்: ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல், கிளின்டன் 1998இல், டிரம்ப் 2019இலும் 2021இலும். நான்கிலும் செனட் விடுவித்துவிட்டது. ஜான்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கில். நிக்சனைப் பற்றிக் கேட்பார்கள். அவர் சபை வாக்களிக்கும் முன்பே, 1974 ஆகஸ்டில், தானே விலகிவிட்டார்.

அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர் தேர்தலில் தோற்பது என்ன கணக்கு?

எங்கள் மேசையில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான்.

நவம்பரில் மக்கள் அதிபருக்கு நேரடியாக ஓட்டுப் போடவில்லை. வாக்காளர் குழு எனப்படும் எலக்டோரல் காலேஜுக்குத் தங்கள் மாநிலத்திலிருந்து போகும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தம் 538 பேர். 270 வாங்கியவர் அதிபர். ஒரு மாநிலத்துக்கு எத்தனை என்றால், அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு செனட்டின் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவுக்கு இப்போது 54, வயோமிங்குக்கு 3. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களில் முதலில் வந்தவர் மாநிலத்தின் எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்வார். ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் முழுதும் அவருக்கே, நாற்பது லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அதே எண்ணிக்கைதான்.

அதனால்தான் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும் தோற்க முடிகிறது. 1824, 1876, 1888, 2000, 2016 என்று ஐந்து முறை நடந்திருக்கிறது. 2000இல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம் புஷ்ஷை அதிபராக்கியது. நாட்டளவில் அல் கோர் ஐந்து லட்சத்துக்கு மேல் முன்னால் இருந்தார். 2016இல் ஹிலரி கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கினார். மிஷிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் டிரம்ப் முந்தினார். அதிபர் அவர்தான்.

"அப்படியானால் என் ஓட்டு வீண்தானே?" என்று கலிஃபோர்னியாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா கேட்டார். அதிபர் தேர்தலில் உங்கள் ஓட்டு பென்சில்வேனியாக்காரர் ஓட்டு அளவுக்கு முடிவைத் திருப்பாது என்பது உண்மைதான் என்று சொன்னேன். ஆனால் அதே வாக்குச்சீட்டில் காங்கிரஸ் உறுப்பினர், மாநிலச் சட்டசபை உறுப்பினர், பள்ளி வாரியம், நகர வரி என்று இருபது முப்பது வரி இருக்கும். அங்கே சில நூறு ஓட்டுகளில் முடிவாகும் தேர்தல்கள் உண்டு.

மாற்ற முயன்றார்கள். 1969இல் பிரதிநிதிகள் சபை, நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பெரிய பெரும்பான்மையில் நிறைவேற்றியது. செனட்டில் 1970இல் ஃபிலிபஸ்டரில் சிக்கி அது முடிந்துபோனது.

யாருக்கும் 270 கிடைக்காவிட்டால்?

பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில். 1824 தேர்தலுக்குப் பின் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்படி வந்தவர்.

ஷட்டவுன் என்கிறார்களே, அரசு எப்படி மூடும்?

கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்கவும் காங்கிரஸ் சட்டமாக அனுமதி தர வேண்டும். நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதாக்கள் நிறைவேறாவிட்டால் பணம் இல்லை. முன்பெல்லாம் இப்படி நடந்தால் கொஞ்சம் சிக்கனமாக வேலையைத் தொடர்ந்தார்கள். 1980இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, அனுமதி இல்லாமல் வேலை வாங்குவதே சட்டமீறல் என்று கருத்துச் சொன்ன பிறகுதான் கதவை மூடும் பழக்கம் வந்தது. 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள் நீடித்தது. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள்.

விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், ராணுவத்தினர் போன்றோர் சம்பளம் வராமலே வேலைக்குப் போவார்கள், பிறகு சேர்த்துக் கொடுப்பார்கள். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் நிற்காது. பெரியவர்கள் உடனே கேட்பது குடியுரிமை விண்ணப்பம் பற்றி: அந்தத் துறை பெரும்பாலும் நாம் கட்டும் கட்டணத்தில் ஓடுவதால் வேலை தொடரும்.

நாட்டின் செலவை யாரும் தனியாக முடிவு செய்யக் கூடாது என்ற நல்ல விதியை, ஊழியர் குடும்பத்தின் வீட்டு வாடகையை வைத்துப் பேரம் பேசும் கருவியாக்கிவிட்டார்கள். இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

காங்கிரஸ் போட்ட சட்டத்தை ஒன்பது நீதிபதிகள் எப்படி ரத்து செய்யலாம்?

அரசமைப்பில் இந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் ஒரு சின்ன வழக்கில் முளைத்தது.

தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், போகிற போக்கில் பலருக்கு நீதிபதிப் பதவி கொடுத்தார். வில்லியம் மார்பரி என்பவருக்கான நியமன ஆணையில் கையெழுத்தும் முத்திரையும் ஆயிற்று, நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அனுப்ப வேண்டிய பொறுப்பில் இருந்த வெளியுறவு அமைச்சர் ஜான் மார்ஷல். புதிய அதிபர் ஜெஃபர்சன் அதைக் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டார். மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதற்குள் தலைமை நீதிபதி யார் என்றால், அதே ஜான் மார்ஷல்.

கொடுங்கள் என்று தீர்ப்பளித்தால் ஜெஃபர்சன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், நீதிமன்றத்தின் மானம் போகும். பயந்து தள்ளுபடி செய்தாலும் போகும். மார்ஷல் இப்படி எழுதினார்: மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் இவ்வகை வழக்கை நேராக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வழிசெய்யும் சட்டப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது, அதனால் அது செல்லாது, எங்களால் உதவ முடியாது. ஒரு சின்ன அதிகாரம் எங்களுக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சட்டம் செல்லுமா என்று சொல்லும் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஜெஃபர்சன் மீற ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அவருக்கு எந்த உத்தரவும் போடப்படவில்லை.

நீதிமன்றமும் தவறியிருக்கிறது, மோசமாக. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் இந்நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்றது. 1896இல் நிறத்தின்படி பிரித்துவைப்பது சரி என்றது. 1954இல்தான் பள்ளிகளில் அது தவறு என்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். 1973இல் தந்த கருக்கலைப்பு உரிமையை 2022இல் திரும்ப எடுத்துக்கொண்டதும் இதே நீதிமன்றம்தான்.

நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி. அதிபர் பெயர் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 மார்ச்சில் ஒபாமா சொன்ன மெரிக் கார்லண்டை, தேர்தல் ஆண்டு என்று சொல்லிச் செனட் விசாரிக்கக்கூட இல்லை. 2020இல் டிரம்ப் சொன்ன ஏமி கோனி பேரட்டுக்குத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஒப்புதல் தந்தது. இரண்டு முறையும் செனட்டில் டிரம்பின் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனால் எழுதப்படாத நாகரிகங்களை நம்பித்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

ஆளுநர் என்றால் இங்கேயும் மேலிருந்து நியமிப்பவர்தானா?

இல்லை. மாநில மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிபரால் அவரை நீக்க முடியாது, மாநிலச் சட்டசபையைக் கலைக்கவும் முடியாது.

மாநிலங்களுக்குத் தனி அரசமைப்பு, தனி உச்ச நீதிமன்றம், தனிக் குற்றவியல் சட்டம் உண்டு. ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, பள்ளி, பெரும்பாலான கொலை வழக்குகள் எல்லாம் மாநிலத்தின் பாடு. டெக்சஸில் வருமான வரி இல்லை, ஒரிகனில் விற்பனை வரி இல்லை. டெக்சஸில் மரண தண்டனை உண்டு. மிஷிகன் அதை 1840களிலேயே கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. பல மாநிலங்களில் நீதிபதிகளே தேர்தலில் நிற்கிறார்கள்.

மத்திய அரசு மாநில அதிகாரியைக் கூப்பிட்டு "என் சட்டத்தை நீ அமல்படுத்து" என்று கட்டளையிட முடியாது. 1997இல் துப்பாக்கி வாங்குவோரின் பின்புலத்தை உள்ளூர் ஷெரீஃப்கள் சோதிக்க வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தடுத்தது. ஆனால் பணத்தைக் காட்டி இணங்க வைக்கலாம். மது வாங்கும் வயது நாடெங்கும் 21 ஆனது அப்படித்தான். 1984இல் காங்கிரஸ், வயதை உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி கிடையாது என்றது. ஒவ்வொரு மாநிலமாக வழிக்கு வந்தது.

குடிமகனாக இல்லாத எனக்கு இந்த உரிமைகள் உண்டா?

பெரும்பாலானவை உண்டு. 1868இல் வந்த 14ஆம் திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த "நபரின்" உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் மாநிலம் பறிக்கக் கூடாது என்கிறது. குடிமகன் என்று எழுதவில்லை, நபர் என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி வாழ்ந்தவர்கள் கோடிக்கணக்கில். 1880களில் சான் பிரான்சிஸ்கோவில், மரக்கட்டிடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று விதி வைத்து, சீனர்களுக்கு மட்டும் மறுத்தார்கள். அவர்கள் குடிமக்கள் அல்ல. ஆனாலும் 1886இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், இங்கே பிறந்ததால் குடிமகனே என்றும் 1898இல் தீர்ப்பு வந்தது.

நமக்கும் ஒரு வழக்கு உண்டு, வலிக்கும் வழக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டபோது, இந்தியர் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் பறித்தார்கள். 1946இல் காங்கிரஸ் சட்டம் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. பத்தே ஆண்டில், 1956இல், தலிப் சிங் சவுந்த் கலிஃபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு தெரியாமல் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போட்டால்கூடக் குடியுரிமை விண்ணப்பம் பெரிய சிக்கலில் மாட்டும். தயவுசெய்து கவனமாக இருங்கள்.

அரசமைப்பை மாற்றுவது அவ்வளவு கஷ்டமா?

ஆம். இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் 27 திருத்தங்கள்தான். முதல் பத்தும் 1791இல் ஒன்றாக வந்தவை. 27ஆவது திருத்தம் காங்கிரஸ் உறுப்பினர் தங்கள் சம்பளத்தை உயர்த்தினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது அமலாகும் என்கிறது. 1789இல் முன்மொழிந்தது, மறந்துபோய்க் கிடந்தது. 1982இல் டெக்சஸில் ஒரு கல்லூரி மாணவர் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. விடாமல் மாநிலச் சட்டசபைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1992இல் திருத்தம் நிறைவேறியது.

தேர்வைத் தமிழில் எழுதலாமா?

குடிமைத் தேர்வு எழுத்துத் தேர்வு அல்ல, அதிகாரி வாய்மொழியாகக் கேட்பார். 50 வயது கடந்து 20 ஆண்டு, அல்லது 55 கடந்து 15 ஆண்டு கிரீன் கார்டோடு இருந்தால் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரோடு போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல்: 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. 65 கடந்து 20 ஆண்டு இருந்தவர்களுக்கு 20 கேள்விகள் கொண்ட சிறு பட்டியல் மட்டும்.

விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் பதிலே இல்லை. யாரிடம் போவது?

உங்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்கு. ஒவ்வொரு உறுப்பினரும் சராசரியாக 7.6 லட்சம் பேருக்குப் பொறுப்பு. மத்தியத் துறைகளில் சிக்கிய கோப்புகளைப் பற்றி விசாரிக்கவே தொகுதி அலுவலகத்தில் ஊழியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, ஓட்டுப் போட்டிருக்க வேண்டியதில்லை, அங்கே குடியிருந்தால் போதும். கோப்பைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி தரும் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். முடிவை மாற்ற அவர்களால் முடியாது. கோப்பு எங்கே நிற்கிறது என்று துறையிடம் கேட்டுச் சொல்வார்கள். உங்கள் தபால் குறியீட்டைப் பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் போட்டால் உறுப்பினரின் பெயரும் அலுவலக எண்ணும் வரும். பேசத் தயக்கமாக இருந்தால் பேத்தியையோ பேரனையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.